கிடைத்துவிட்ட போட்

புயல் எங்கள் ஊர்க் கூரைகளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கூரை போனால் போகட்டும், ஓலை போட்டு மூடலாம். என் தங்கையின் கணவர் கடலில் இருந்தார். காற்று எழும்ப முன்னர் இன்னும் இரண்டு பேரோடு கற்பிட்டிப் பக்கம் போட்டில் போனவர் திரும்பவில்லை.

எங்கள் மாம்புரியில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. பாலாவிச் சந்திக்குப் போனால்தான் போன் வேலை செய்யும். லொறிக்காரர்களிடம் கெஞ்சிச் சார்ஜ் போட்டுக்கொண்டு, நானும் தங்கையும் அங்கேயே பழியாய்க் கிடந்தோம். காணவில்லை என்று பேஸ்புக்கில் போட்டு, தங்கையின் நம்பரையும் கொடுத்திருந்தோம். அதிகாரிகளைக் கேட்டால், தேடுகிறோம் என்பதோடு சரி. எங்கள் ஊர் ஆண்கள்தான் உடையாமல் மிஞ்சிய வள்ளங்களுக்கு எண்ணெய் சேர்த்து, தாங்களே தேடப் போக ஆயத்தமானார்கள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. மன்னார்க் கரையில் சாய்ந்து கிடந்த நீல போட். முன்பக்கத்தில் அந்தோனியார் படம். பக்கத்தில் போர்வை போர்த்திய மூன்று ஆண்கள், முகம் தெரியவில்லை. அவர் போன போட்டும் அப்படித்தான், வேறென்ன வேண்டும்? தங்கை போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுச்சந்தியில் அழுதாள். நானும் அழுதேன். எந்தப் புண்ணியவானோ, எங்கள் ஊர் போட் கிடைத்துவிட்டது என்று எழுத, ஊரே அதைப் பகிர்ந்தது. புறப்பட நின்றவர்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தங்கள் கூரைகளைப் பார்க்கப் போனார்கள். அவர்களை என்னவென்று குறை சொல்வது?

இந்தக் கரையில் அந்தோனியார் இல்லாத போட்டைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும். பிறந்த நாளிலிருந்து பார்த்துவரும் எங்களில் ஒருவருக்கும் அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சிலாபத்திலிருந்து ஒரு பெண் தங்கைக்குப் போன் எடுத்தாள். அது தன் அண்ணனின் போட்டாம், அவரோடு பேசியும் விட்டாளாம். குரலில் இருந்த சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். பாவம், அவள் என்ன பிழை செய்தாள்!

வள்ளங்கள் ஒரு நாள் பிந்திப் போய் வெறுமையாய்த் திரும்பின. அந்தச் செய்தி பிழை என்று நாங்கள் எழுதியதை யார் பார்த்தார்கள்? நல்ல செய்திதான் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் வந்த பிறகும், கூரைகள் வேய்ந்த பிறகும், வாழ்த்துச் சொல்ல யாராவது எடுப்பார்கள். இல்லை என்று தங்கை விளக்குவாள். அவர்கள் அழுவார்கள். அவர்களையும் இவள்தான் தேற்றவேண்டும். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அந்த போனைத் தூக்கி அடிக்கலாம் போலிருக்கும். அவள் அதை நிறுத்தி வைக்கவும் விடமாட்டாள். அவர் எடுத்தால் அந்த நம்பருக்குத்தானே எடுப்பார்.

ஒரு நாள் இத்தாலியிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி எடுத்தார். அன்றுதான் படத்தைக் கண்டாராம்.

"தங்கச்சி, அவன் வந்திட்டானாமே? இப்பதான் எனக்கு மூச்சு வந்தது. ஆள் சுகமா இருக்கிறானோ?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

"ஓம் அண்ணா, வந்திட்டார்," என்றாள். "இப்ப நித்திரையா இருக்கிறார்."