ஆர் எங்க நிக்கினம்?

இந்த நினைவுமலரின் முதற்பக்கத்தில் அக்காவின் பிறப்பிடம் சாவகச்சேரி என்றும் வதிவிடம் ஸ்காபரோ என்றும் அச்சாகியிருக்கிறது. வதிவிடமாக ஒரேயொரு ஊரைப் போட எனக்கு மனம் வரவில்லை. தொழில்முறைக் கூடைப்பந்து வீராங்கனையாகப் போலந்து, ருமேனியா, துருக்கி என்று பருவத்துக்கொரு நாடு மாறியவர் அக்கா. இடம் போதாது என்றார் அச்சகக்காரர். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பலர் "அமைதியாப் போயிட்டா" என்றார்கள். அக்கா எதையும் அமைதியாகச் செய்தவரல்லர். அவருடைய தங்கையான எனக்கும் இதை எழுத ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நாலு தரம் எழும்பித் தேநீர் போட்டுவிட்டேன். ஒன்றையும் குடிக்கவில்லை.

நான்கு வயதில் கனடா வந்த அக்கா, ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு வாடகை அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் வளர்ந்தார். வீட்டுக்குள் பந்து தட்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கீழ்வீட்டு அன்ரி வந்து சண்டை பிடித்த பிறகு அது அப்பாவின் சட்டமும் ஆனது. அக்கா வாகனத் தரிப்பிடத்துக்குப் போனார். குளிர்காலத்தில் கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டுத் தட்டினார். "பொம்பிளைப்பிள்ளை அரைக்காற்சட்டையோட ஓடித் திரியிறாள், ஆர் இவளைக் கட்டுவான்?" என்று பெரியப்பா கேட்டபோது, அந்த விளையாட்டில் ஒன்றும் விளங்காத அப்பா, "அவள் ஓடட்டும் அண்ணை. பிடிக்கக்கூடியவன் பிடிக்கட்டும்" என்றார்.

உயரம் குறைவு என்பதால் அக்கா கார்ட் ஆனார். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். மற்ற நால்வரும் எங்கே நிற்கிறார்கள் என்பது திரும்பிப் பாராமலே தெரிந்திருக்க வேண்டும். கலியாண மண்டபத்திலும் அக்காவுக்கு இதே பழக்கம். "மாமி கேக் மேசையடியில நிக்கிறா, நாங்கள் இந்தப் பக்கத்தால போவம்" என்பார். புலமைப்பரிசிலில் அமெரிக்கப் பல்கலைக்கழகம், பிறகு ஐரோப்பா. ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரு பருவத்துக்கு மட்டும். முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை. அடுத்த பருவம் எந்த நாடு என்று தெரியாத கோடைகளில் எங்கள் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். வெளிநாட்டிலிருந்து நாள் தவறாமல் என்னை அழைப்பார். முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆர் எங்க நிக்கினம்?" அம்மா குசினியில் சமையல், அப்பா வேலையில் என்று நான் ஒப்புவிப்பேன்.

துருக்கியில் இறுதியாட்டத்துக்கு நான்கு நாட்கள் இருக்கையில் அப்பா மாரடைப்பால் இறந்தார். "தூரத்தில தனிய நிக்கிற பிள்ளை. விளையாட்டு முடியட்டும், இப்ப சொல்லாதை" என்றார் அம்மா. பெரியப்பாவும் அதையே சொன்னார். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவை மறைப்பதை நாம் அன்பு என்றுதான் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். நான்கு நாட்களும் அக்கா "அப்பா எங்க?" என்று கேட்டார். கோயிலுக்குப் போயிட்டார், வேலை, நித்திரை, திரும்பவும் கோயில் என்று சொன்னேன். இறுதியாட்டமும் அப்பாவின் தகனமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. நாங்கள் வீட்டுக்கு வந்து தலை முழுகிய கையோடு அக்கா காணொளியில் அழைத்தார். கழுத்தில் பதக்கம். "அப்பாட்டக் குடு" என்றார்.

உண்மை தெரிந்து கனடா வந்து சேர்ந்தபின் அக்கா கத்தவில்லை. "நான் பந்து கொண்டுபோறவள். நீ சொல்லுறதை நம்பித்தான் அங்க நிண்டனான். நீ பிழையாச் சொல்லிப்போட்டாய்" என்றார். அதன்பின் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவே இல்லை. விளையாட்டை விட்டு, ஸ்காபரோவில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த ஆண்டுகளிலும் கேட்கவில்லை. நன்றாகப் பேசுவார், சிரிப்பார். அதை மட்டும் கேட்கமாட்டார். அது என்னை அரித்தது.

புற்றுநோய் என்று தெரிந்ததும் அக்கா முதலில் எனக்குச் சொன்னார். விட்பியில் என்னோடு இருக்கிற அம்மாவுக்கு மறைத்துவிடலாமா, இரத்த அழுத்தம் இருக்கிறதே என்றேன். அக்கா என்னைப் பார்த்து, "திரும்பவுமோ?" என்றார். அன்றே அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா நிலத்தில் இருந்து அழுதார். மறுநாளிலிருந்து தவறாமல் வந்து அக்காவின் கால்களைப் பிடித்துவிட்டார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், முறை வைத்துச் சமைத்து அனுப்பிய மல்வேர்ன் அயலவருக்கும், கடல் கடந்து வந்து சவப்பெட்டி தூக்கிய அணித் தோழியருக்கும், பந்தோடு வந்து வரிசையில் நின்ற பயிற்சிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

நன்றியோடு முடிப்பதுதான் முறை. எழும்பிப் போய்விட்டுத் திரும்பவும் வந்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் முடியாது.

கடைசிப் பிற்பகல். வலி மருந்தில் அக்கா கண்ணை மூடிக் கிடந்தார். விரல்கள் மட்டும் போர்வையைத் தட்டிக்கொண்டிருந்தன. திடீரென்று, "ஆர் எங்க நிக்கினம்?" என்றார்.

என்னிடம்தான் கேட்டார். "அம்மா கால்மாட்டில, பெரியப்பா கதவடியில, நான் உங்கட வலப்பக்கம்" என்றேன்.

"அப்பா?"

கோயில் என்ற சொல் வாய்வரை வந்தது. உண்மையைச் சொல்லாதை என்று அம்மா எனக்குத் தலையை ஆட்டினார்.

"அப்பா செத்துப்போட்டார், அக்கா. நீங்கள் வெல்ல முதலே செத்துப்போட்டார். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

விரல்கள் நின்றன. "ஓம்" என்றார் அக்கா. "இப்ப சரியாச் சொல்லுறாய்."

பிறகு விரல்கள் மறுபடி தட்டத் தொடங்கின.