ஜீவராணி ஓட்டினால் மட்டும் ஆடுகிற ஜீப்பு

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் ஏறாத தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது ஜீவராணியின் ஜீப்பில்தான். ஆறு வருசமாக அவள்தான் ஓட்டுகிறாள். அதற்கு முன்னால் அவளும் தேயிலைக் கொழுந்துதான் எடுத்தாள். அப்பா கொழுந்து லொறி ஓட்டியவர். ஆம்பளப் பிள்ளை இல்லாத வீட்டில் லொறி கழுவப் போனவள் அவள். கழுவக் கழுவ ஓட்டவும் பழகிக்கொண்டாள். புருஷன் கிஷாந்த் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கி, லைசன் எடுத்து, ஒரு நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன புள்ள, கூடைய விட்டுட்டியா?" என்று வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா கேட்டார்.

"ஆமாங்கையா. இனிமே தலையில சுமக்கிறதில்ல, சீட்டுல ஏத்துறதுதான்" என்றாள்.

அந்த வாய்க்கே லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் மழையோ பனிமூட்டமோ, ஜீப்பு ஒரு நாள் நின்றதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள்.

போன வருசம் கிஷாந்த் கட்டாரை விட்டு வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? இராப்பகலாகப் போனில் காட்டு ஜீப்பு வீடியோ பார்த்தான். பாறையில் ஏறுகிற ஜீப்பு, ஆற்றில் இறங்குகிற ஜீப்பு. பார்த்துவிட்டு நம்ம ஜீப்பையும் கொண்டுபோய்த் தூக்கிவிட்டான். இருந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு உயரமானதைப் பூட்டி, ட்ராக்டர் மாதிரி டயரும் மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"வெள்ளைக்காரங்கள மலை உச்சிக்கு ஏத்திக்கிட்டுப் போகலாம் ஜீவா. டொலர்ல குடுப்பான்."

ஒரு வெள்ளைக்காரனும் ஏறவில்லை. நண்டும் சிண்டுமாக நம்ம பிள்ளைகள்தான் ஏற முடியாமல் தவித்தன. ஒவ்வொன்றையும் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டு ஜீவராணிக்கு முதுகு விட்டுப்போனது.

தூக்கின நாளிலிருந்து காலுக்குக் கீழே ஒரே அதிர்வு. சுழற்சியை முன் அச்சுக்குக் கொண்டுபோகிற ப்ரொப் ஷாஃப்ட் கடகடவென்று அடித்தது. கிஷாந்தும் அவன் கூட்டாளி ஒருத்தனும் முன் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்பு ஆப்பு செருகி, அச்சின் மூக்கைக் கொஞ்சம் மேலே நிமிர்த்தினார்கள். சத்தம் அடங்கிப்போச்சு.

"பாத்தியா? ஒரே நாள்ல சரி பண்ணிட்டேன்" என்று கிஷாந்த் நெஞ்சை நிமிர்த்தினான்.

மறுநாள் காலையில் சனியன் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தது. கோவில் திருப்பம் தாண்டி ரோடு கொஞ்சம் நேராக ஓடுகிற இடத்தில், இடது சக்கரம் ஒரு சின்னக் குழியில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான், முன் சக்கரம் இரண்டும் பேய் பிடித்த மாதிரி தலையை ஆட்ட ஆரம்பித்தன. ஸ்டியரிங் கையை உதறிவிட்டது. பிள்ளைகள் அலறின. மெதுவாகப் பிரேக் பிடித்து வண்டியை முழுசாக நிறுத்தின பிறகுதான் ஆட்டம் நின்றது. அன்றையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே கூத்து.

"ஜீப்புல என்னமோ இருக்குங்க" என்றாள்.

"நீ கெட்டியாப் புடிக்க மாட்டேங்கிற. பொம்பளக் கை. வேற என்ன?" என்றான் கிஷாந்த்.

ஹட்டனுக்குக் கொண்டுபோய் அலைன்மென்ட் பார்த்தார்கள். சரி. சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்த்தார்கள். அதுவும் சரி. வந்ததும் வராததுமாகக் கிஷாந்த் லயம் முழுக்கச் சொல்லிவிட்டான்: "மெசினே சொல்லிருச்சு, ஜீப்புல ஒன்னும் இல்ல." அப்படியென்றால் கோளாறு யாரிடம்? நீங்களே சொல்லுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் பெற்றவர்கள் கூட்டம் போட்டார்கள். டிவிசனின் தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை நாற்காலியில் உட்கார்ந்தார், மற்றவர்கள் நின்றார்கள்.

"புள்ளைய ஏத்திவிட்டுட்டு, மலையில நிக்கிற நேரமெல்லாம் வயித்துல நெருப்பு ஜீவா" என்று அழகம்மா அழுதாள். ஜீவராணியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். அவள் பேசினதுதான் ரொம்பச் சுட்டது.

"நான் ஓட்டுறதுல பிழையில்ல. ஜீப்பைத் தூக்குன பொறகுதான் ஆடுது. அஞ்சு வருசம் ஆடிச்சா?" என்று ஜீவராணி கத்தினாள்.

சோலைமலை சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." கூட்டமும் சிரித்தது. "இந்தாம்மா, நாளையிலருந்து கிஷாந்த் ஓட்டட்டும். நீ மறுபடி பேரு குடு. கொழுந்து வேற நல்லா வந்திருக்கு."

ஜீவராணி தானே எடுத்த லைசன், பழக்கின வண்டி, அவள் சீட்டு. இதையெல்லாம் எடுத்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பவும் கூடையைத் தலையில் மாட்டு என்கிறார்கள். புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். த்தூ! ஜீப்புச் சாவியை அவன் காலடியில் வீசிவிட்டு வந்தாள்.

மறுநாள் கிஷாந்த் ஸ்டியரிங்கில் உட்கார, அவள் பிள்ளைகளோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

"திருப்பம் தாண்டினதும் மெதுவாப் போங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"எல்லாரும் கம்பியப் புடிங்க புள்ளைங்களா" என்றாள்.

அதே இடம், அதே குழி. சக்கரம் ஆட ஆரம்பித்ததும் கிஷாந்த் "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினான். பயத்தில் ஒரே மிதியாகப் பிரேக்கை மிதித்தான். வண்டி கோணிக்கொண்டு போய் மேட்டில் முட்டி, தேயிலைச் செடிக்குள் மூக்கை விட்டு நின்றது. மாரியாத்தா புண்ணியம், ஒரு பிள்ளைக்கும் அடியில்லை.

கீழே கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சோலைமலை ஓடிவந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

"தம்பி, ஒனக்கு ஒன்னும் ஆகலையே?" என்று கிஷாந்தின் தோளைப் பிடித்தார். "ஜீப்புல என்னமோ பெரிய கோளாறு இருக்குப்பா! இத வச்சிக்கிட்டு மனுசன் எப்படி ஓட்டுறது?"

கேட்டீர்களா அநியாயத்தை? அவள் கையில் ஆடினால் பொம்பளைக் கோளாறு. அவன் கையில் ஆடினால் ஜீப்புக் கோளாறு. நேற்று வரைக்கும் நேராக இருந்த கூடம் ஒரே இராத்திரியில் கோணலாகிவிட்டது! ஜீவராணி பிள்ளைகளை நடத்தியே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாள். கிஷாந்த் கையிலிருந்த சாவியைக் கேட்காமலே எடுத்து, வண்டியைச் செடிக்குள்ளிருந்து பின்னுக்கு எடுத்து, மெல்ல ஓட்டிக்கொண்டு கடைத்தெருவில் எல்லாருக்கும் அண்ணன் மாதிரியான மெக்கானிக் மஃறூப் நானாவின் கராஜுக்குப் போனாள். கிஷாந்தும் பின்னாலேயே வந்தான்.

மஃறூப் குனிந்து பார்த்தவர், ஆப்பைத் தட்டிக் காட்டினார். "இது யாருட வேல?"

கிஷாந்த் ஜீப்புக்கு மறுபக்கம் நகர்ந்தான்.

"சைக்கிள்ட முன் ஃபோர்க் கொஞ்சம் சாஞ்சிதானே இரிக்கி தங்கச்சி? அந்தச் சாய்வாலதான் கைய விட்டாலும் நேரா ஓடுது. இங்க ஷாஃப்ட்ட அதிர்வ அடக்க அச்சுட மூக்கத் தூக்கி, அந்தச் சாய்வ இல்லாமலாக்கிட்டாங்க. பொறகு சக்கரம் ஆடாம என்ன செய்யும்? அலைன்மென்ட்ல இது எப்படித் தெரியும், அங்க சக்கரம் நேரா நிக்குதாண்டு மட்டும்தானே பாத்திருப்பாங்க."

"ஆப்பை எடுத்துட்டா?" என்றான் கிஷாந்த்.

"ஷாஃப்ட் திரும்பவும் அடிக்கும். ஒண்ட சரிபண்ணினா மத்தது கெடும். ரெண்டும் சரியா வேணுமெண்டா இந்த உயரம் ஏலாது. எறக்குங்க."

"எறக்குனா கூட்டாளிப் பசங்க சிரிப்பானுங்களே."

"சிரிக்கட்டும்!" ஜீவராணி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னைய வச்சு லயமே சிரிச்சிச்சே, அன்னைக்கு எங்க போச்சு ஒங்க ரோசம்? நானா, எறக்குங்க. பழைய பட்டை விறகுக்கு அடியில கெடக்கு, நானே கொண்டாறேன்."

இறக்கினார்கள். ஆப்பு போச்சு, பழைய டயர் வந்தது. அவளே ஓட்டிப் பார்த்தாள். அதே குழியில் வேண்டுமென்றே இறக்கினாள். ஸ்டியரிங் ஒரு தரம் இலேசாக அசைந்து, தானாக நேரானது. காலுக்குக் கீழேயும் அதிர்வு இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை நல்ல மழை. பிள்ளைகள் ஏறின. டவுனுக்குப் போக வேண்டுமென்று சோலைமலையும் வேட்டியை மடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். அவருக்கு என்றைக்கும் ஓசிதான். கோவில் திருப்பம் தாண்டியது, குழி வந்தது, போனது. பிள்ளைகள் பாட்டுப் பாடின.

சோலைமலை திருப்தியாகத் தலையாட்டினார். "பாத்தியா புள்ள? கிஷாந்த் ஒரு தரம் ஓட்டிப் பாத்துத்தான் கோளாற கண்டுபுடிச்சிருக்கான். ஆம்பளக் கை பட்டதும் எப்படிப் போகுது பாரு!"

ஜீவராணி பிரேக்கை மிதித்தாள். வண்டி ஆடாமல் அசையாமல் நடுரோட்டில் நின்றது.

"எறங்குங்க தலைவரே."

"என்னம்மா? டவுன் இன்னும் எவ்வளவு தூரம்! மழை வேற கொட்டுது!"

"பொம்பள ஓட்டுற வண்டி. ஒங்களுக்கு எதுக்கு வயித்துல நெருப்பு? எறங்குங்க."

பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அவள் குரலில் என்ன இருந்ததோ, சோலைமலை இறங்கிவிட்டார். குடையும் இல்லை.

"நான் எப்படிம்மா போறது?" என்று ரோட்டில் நின்று கேட்டார்.

"கிஷாந்த் ஓட்டிக்கிட்டு வருவாரு. அதுல ஏறி வாங்க" என்று சொல்லிவிட்டு, அந்த டிவிசனில் இருக்கிற ஒரே ஜீப்புக்குக் கியரைப் போட்டாள்.