பக்கத்து மண்டலத்துக்காரர்

வ்ரானிக் நகராட்சியில் குடியிருப்பைப் பதியும் கவுண்டரில் ஸும்ரெதா இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையில் எழுதியிருக்கிற வீட்டில்தான் தூங்குகிறோம் என்று சத்தியம் செய்யக்கூடியவர்கள் எங்கள் ஊரில் பாதிப்பேர்கூடத் தேறமாட்டார்கள். பேறுகால உதவி பக்கத்து மண்டலத்தில் கூடுதல் என்றால், பிள்ளைத்தாய்ச்சி அங்கேயிருக்கும் அத்தை வீட்டு முகவரிக்குப் போய்விடுவாள், காகிதத்தில் மட்டும். கண்புரை அறுவைக்கு இங்கே இரண்டு வருஷம் வரிசை என்றால், கிழவர் மருமகன் வீட்டுக்குக் குடிபோய்விடுவார், அதுவும் காகிதத்தில்தான். இத்தனை பொய்க்கும் முத்திரை குத்தியவள் ஸும்ரெதா. அதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

கூச்சம் ஏன் வரவேண்டும்? போஸ்னியாவில் பிறந்தவன் தலையில் எத்தனை அரசாங்கம் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாட்டுக்கு ஒன்று. நாட்டைப் பிளந்த இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. எங்கள் பாதிக்குள் பத்து மண்டலம், பத்துக்கும் பத்து மந்திரிசபை. அதற்கும் கீழே நகராட்சி. ஸும்ரெதாவின் கணவன் நெஸிர், மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன், சொல்வான்: "ஒரு தலைக்கு நாலு தொப்பி. மழை வந்தா மட்டும் நாலும் ஒழுகும்."

போன மாசியில் அந்த நெஸிருக்கே இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். இங்கே கொடுத்த மாத்திரை இரண்டு மாதம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மருத்துவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "இதுக்குப் புது மாத்திரை இருக்கும்மா. நம்ம மண்டலத்துப் பட்டியல்ல இல்ல. மலைக்கு அந்தப் பக்கம், ஸெலெனிக்ல இருக்கு. அவங்க ஆளுக்குத்தான் குடுப்பாங்க."

அவ்வளவுதானே என்று நினைத்தாள் ஸும்ரெதா. நெஸிரின் தங்கை ஹத்கா ஸெலெனிக்கில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மறுநாள் காலை கவுண்டரில் முதல் வேலையாக, கணவன் வ்ரானிக்கை விட்டு ஹத்கா வீட்டு முகவரிக்குப் போய்விட்டான் என்ற சான்றிதழை அவளே எழுதி, அவளே முத்திரை குத்தினாள். ஊருக்கெல்லாம் செய்தது வீட்டுக்குச் செய்யக்கூடாதா?

அன்று மாலைக்குள் இங்கேயிருந்த காப்பீட்டிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். ஸெலெனிக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனால், அங்கேயிருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். விலை கூடிய மருந்துக்கு, அந்த மண்டலத்தில் ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து ஆளைக் கண்ணால் பார்த்து எழுதிய நாளிலிருந்துதான் ஆரம்பம். சித்திரையில் போட்ட விதி. ஒரு மண்டலத்து அரசிதழ் இன்னொரு மண்டலத்து நகராட்சிக்கு வருவதில்லை. இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்தவளுக்கு அது தெரியவில்லை.

"விட்டுக்குடுங்கம்மா, அவரு ஆறு மாசம் தாங்கமாட்டாரு" என்றாள் ஸும்ரெதா.

"நீங்களும் கவுண்டர்ல இருக்கிறவங்கதானே. நான் என்ன பண்ண முடியும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அந்தப் பெண். திமிராகச் சொல்லவில்லை. பாவம், உண்மையைத்தான் சொன்னாள்.

ஸும்ரெதா மேலே போனாள். வ்ரானிக் மண்டல அமைச்சகம், அவர் இப்போது எங்கள் ஆள் இல்லை என்றது. ஸெலெனிக் அமைச்சகம், இன்னும் எங்கள் ஆள் ஆகவில்லை என்றது. பாதிநாட்டு அமைச்சகம், சுகாதாரம் மண்டலத்தின் பொறுப்பு என்றது. தலைநகரில் நாட்டு அரசாங்கத்துக்குப் போன் போட்டால், ஒரு இனிமையான குரல், "நாங்க ஒருங்கிணைக்கிறது மட்டும்தான்" என்றது. எதை ஒருங்கிணைக்கிறீர்கள், என் புருஷன் பிணத்தையா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை, கவுண்டரில் இருப்பவளுக்குக் கத்துகிறவர்களைத் தெரியும். அவர்களால் எதுவும் நடந்து அவள் பார்த்ததில்லை. திரும்பி வ்ரானிக்குக்கே பதிந்துகொள்ளலாமென்றால், இங்கே கிடைப்பது கேட்காத மாத்திரை.

ஆகவே காகிதத்தில் போனவன் நிஜமாகவே போகவேண்டியதாயிற்று. ஹத்கா வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டார்கள். ஸும்ரெதா வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை, ஆகவே சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி மலையைத் தாண்டிப் போய்வந்தாள்.

"போலீஸ் எப்ப வருவான்?" என்று கேட்பான் நெஸிர்.

"வருவாங்க. வீட்ட விட்டு நகராத."

"முப்பது வருஷம் லாரி ஓட்டினேன், எத்தனையோ தடவ ஒளிஞ்சேன், போலீஸ் என்னைத் தேடாத நாளில்ல. இப்ப காத்துக்கிட்டு இருக்கேன், ஒருத்தனும் வரல பாரு."

மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. பைரம் பெருநாள் வந்தது. தன் வீட்டு மேசையில் ஒரு வேளை சாப்பிட வேண்டும், மாவுச் சுருளுக்குள் இறைச்சி வைத்து அவள் சுடுகிற புரெக்கைத்தான் சாப்பிடவேண்டும் என்று அவன் பிள்ளை மாதிரிப் பிடிவாதம் பிடித்தான். ஸும்ரெதாவுக்கு மனசு கேட்கவில்லை. பெருநாளில் எந்தப் போலீஸ்காரன் வரப்போகிறான் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டே நாள். அவன் கால் துண்டு புரெக் சாப்பிட்டான், மீதியை வாசனை பார்த்தான்.

மூன்றாம் நாள் காலை, அவர்கள் பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தபோது, ஹத்கா போன் பண்ணினாள். "அண்ணி, போலீஸ்காரரு இப்பதான் வந்துட்டுப் போனாரு. அண்ணன் கடைக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். வந்தவரு கட்டிலத் தொட்டுப் பாத்தாரு, சூடே இல்ல. காணவில்லைன்னு எழுதிட்டாரு."

மறுபடி வர நாற்பது நாளாகும் என்றார்கள். ஸும்ரெதா பஸ்ஸிலேயே அழுதாள். நெஸிர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு. புரெக் நல்லா இருந்துச்சு" என்றான்.

அதற்குப் பிறகு அவனைத் தோட்டத்துக்குக்கூட அவள் விடவில்லை. போலீஸ் வரும்போது கொல்லையில் இருந்துவிட்டால்? ஜன்னலோரமாகக் கட்டிலை நகர்த்திக் கொடுத்ததோடு சரி. கோடை முழுக்க அந்தப் பக்கத்துப் பிளம் மரத்தை மட்டுமே அவன் பார்த்தான். அவன் உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. தன் கையால் குத்திய முத்திரைதான் அவனை இந்த அறையில் அடைத்தது என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முப்பத்தெட்டாம் நாள் விடியற்காலையில் நெஸிர் போய்விட்டான். முதல் பஸ்ஸில் ஸும்ரெதா வந்து சேர்ந்தபோது தாடையைக் கட்டி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். இமாமுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தலைத்துணியோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்குக் கதவைத் தட்டியது போலீஸ்காரர். இளவயசு. கையில் தாள் செருகிய அட்டை.

"நெஸிர் என்பவர் இங்க குடியிருக்காரான்னு பாக்க வந்தேன்."

"உள்ள இருக்காரு, வாங்க" என்றாள் ஸும்ரெதா.

அவர் பின்னறை வாசல் வரை வந்தார், நின்றார், தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கோங்கம்மா. நான் போயிடறேன். இதுக்கு மேல இது தேவையில்ல."

"தேவையில்லன்னா என்ன அர்த்தம்?" ஸும்ரெதா வழியை மறித்து நின்றாள். "உங்க தாள்ல ரெண்டே கட்டம். கண்டேன், காணவில்லை. அந்தத் தாள் எனக்குத் தெரியும், எங்க கவுண்டர்லயும் அதேதான். ரெண்டு மாசமா இந்த மனுஷன் வீடு வாசல விட்டுட்டு, நீங்க பாக்கணும்னுதான் இந்தக் கட்டில்ல கிடந்தாரு. பாத்துட்டீங்க. எழுதுங்க."

"எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்லம்மா."

"தெரியும். எழுதுங்க."

அவர் ஹத்காவைப் பார்த்தார். ஹத்கா தலையைக் குனிந்துகொண்டாள். போலீஸ்காரர் அட்டையைத் தொடையில் வைத்து, முதல் கட்டத்தில் குறியிட்டு, தேதி போட்டார். பிறகு தாளைத் திருப்பி அவளிடம் காட்டினார்.

"குடியிருப்பவர் கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கு" என்றார் மெதுவாக.

ஸும்ரெதா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். அது நிரப்பாத தாளை ஏற்கக்கூடாது என்பது விதி. அவளே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.