தண்ணி குடிச்சிட்டு உக்காரும்மா

நெல்லித்தோப்பில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஐந்து வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வரவேற்பு என்பது பெயருக்குத்தான். யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரைக் காக்க வைப்பது என்று பிரிப்பதுதான் என் வேலை. அதில் கெட்டிக்காரி என்று முதலாளியிடம் பெயரும் வாங்கியிருந்தேன்.

அங்கே இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். போனில் நேரம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. அரசு சுகாதார நிலையத்தில் எழுதிக்கொடுத்த சீட்டோடு சலுகைக் கட்டணத்துக்கு வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை எல்லாம் முடிந்த பிறகுதான் சீட்டுக்காரர்கள் என்பது விதி. அதைச் சுவரில் எழுதி ஒட்ட முடியாது, ஒட்டினால் அன்றைக்கே ரகளை ஆகிவிடும். அதனால் எங்களுக்குத் தண்ணீர் கைகொடுத்தது.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஸ்கேன் எடுக்க மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக விழும். மாதம் ஏறிய பிறகு அதற்கு அவசியமில்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், சீட்டோடு வருகிற எல்லோரிடமும், மூன்று மாதமானாலும் ஒன்பது மாதமானாலும், "தண்ணி குடிச்சிட்டு உக்காரும்மா, நல்லா முட்டினதும் கூப்பிடறேன்" என்று சொல்லிவிடுவேன். மூலையில் தண்ணீர் கேன், அதில் சங்கிலி போட்டுக் கட்டிய எவர்சில்வர் தம்ளர். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தவர்கள் சண்டைக்கு வருவதில்லை. தாமதம் தங்கள் வயிற்றால்தான் என்று நம்பி, பேசாமல் இருப்பார்கள். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவள் கண்டுபிடித்த தந்திரம் அது. சிரித்த முகத்தோடு அதைச் சொல்லப் பழகியது மட்டும் என் சொந்தச் சரக்கு.

நான் சொல்ல வந்த நாளில் எனக்கும் ஏழாவது மாதம். காலையில் எழுந்ததிலிருந்து குழந்தை அசையவில்லை என்று எனக்குப் பயம். காபி குடித்துப் பார்த்தேன், இடது பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சென்டருக்கு வந்ததும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏறிப் படு" என்றார். இரண்டே நிமிடம். அறை முழுக்க இதயத் துடிப்பு கேட்டது. "தூங்குது உன் மகாராணி. இல்ல மகாராஜாவோ, நான் சொல்ல மாட்டேன்" என்று சுவரில் இருந்த அரசு எச்சரிக்கைப் பலகையைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் வயிற்றைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

ஒன்பது பத்துக்கு அவள் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும், நிறைமாதம். அரியாங்குப்பத்திலிருந்து ஷேர் டெம்போவில் தனியாக வந்திருந்தாள். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் அறை பெருக்கும் வேலை, கணவன் சென்னையில் பெயின்ட் அடிக்கிறான். இதெல்லாம் பிறகு படிவம் நிரப்பும்போது தெரிந்துகொண்டது. அப்போது நான் பார்த்தது அவள் கையிலிருந்த சீட்டை மட்டும்தான்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து புள்ள சரியா அசையலக்கா. காலைல நர்ஸம்மா பாத்தாங்க. துடிப்பு கேக்குது, ஆனா எனக்குத் திருப்தியா இல்ல, உடனே ஸ்கேன் எடுத்துக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு சொன்னாங்க."

சீட்டிலும் 'அவசரம்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தது. எல்லாச் சீட்டிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் அந்தக் கோடு என் கண்ணிலேயே நிற்கிறது.

"தண்ணி குடிச்சிட்டு உக்காரும்மா. கூப்பிடறேன்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். தம்ளரில் நாலு தடவை பிடித்துக் குடித்தாள். மாத்திரையும் தாய் அட்டையும் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பத்து மணிக்கு எழுந்து வந்து, "இப்ப முட்டுதுக்கா" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஆவட்டும்" என்றேன். போய் இன்னும் இரண்டு தம்ளர் குடித்தாள்.

பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தவர்கள் ஒரு மதாமும் மகளும். தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உள்ளூர்க் குடும்பம். மகள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், அங்கே எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அம்மாவுக்குப் பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்க ஆசை. குழந்தை கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததாம், அது கையை எடுக்கும்வரை முக்கால் மணி நேரம் ஆனது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆசை எல்லோருக்கும் உள்ளதுதான், வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். போகும்போது மதாம் எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். எதிரே அவள் கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் அதைத் தின்றேன்.

ஒன்று இருபதுக்கு அவளைக் கூப்பிட்டேன். கையெழுத்து வாங்க வேண்டிய படிவத்தோடு நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா வயிற்றின் மேல் கருவியை நகர்த்தினார். ஒரு பக்கம், மறுபக்கம், மறுபடி அதே பக்கம். அறையில் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அவர் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தூங்குதுங்களா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

டாக்டரம்மா கருவியை எடுத்து வைத்தார். "ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தே? அசைவு இல்லன்னா உடனே வரணும்னு எத்தன தடவ சொல்றது உங்களுக்கெல்லாம்?" என்றார்.

"காலைலயே வந்துட்டேங்க டாக்டர்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். அதில் பெயர், வயது, முகவரி, எத்தனையாவது பிரசவம், ஸ்கேன் எடுத்த நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. வந்த நேரத்துக்கு இல்லை. ஸ்கேன் எடுத்த நேரம் ஒன்று இருபது என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

ஆம்புலன்சில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அன்று மாலை முதலாளியிடம் டாக்டரம்மா என்ன பேசினாரோ தெரியாது. மறுநாளும் கேன் அங்கேயே இருந்தது, தம்ளரும் இருந்தது. நான் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் முன்னதாக ஸ்கேன் கிடைத்துவிடவில்லை. சண்டைகள்தான் கூடின.

ஒரு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். ஏதோ உதவித்தொகைக்கு ரிப்போர்ட்டின் நகல் கேட்டிருந்தார்களாம். வயிறு வற்றி, கண் உள்ளே போய், ஆள் பாதியாக இருந்தாள். அன்றைக்கு நான் அவளை உட்கார வைக்கவில்லை. நேரம் வாங்கிக்கொண்டு வந்து நின்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அவள் நகலை எடுத்துக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. இந்த அவசரத்தை எங்கே வைத்திருந்தேன் அன்றைக்கு?

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "எத்தினி மாசங்க்கா?"

"எட்டு முடியப்போவுது."

தலையை ஆட்டினாள். போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "அக்கா, அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. பன்னெண்டு மணிக்கு அடக்க முடியாம பாத்ரூம் போயிட்டேன். நீங்க பாக்கல. அப்புறம் மறுபடியும் தண்ணி குடிச்சி ரொம்பறதுக்குள்ள லேட்டாயிடுச்சி. அதனாலதானேக்கா?"

என் வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. உண்மையைச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அந்தத் தண்ணீர் உனக்குத் தேவையே இல்லை, உன்னைக் காக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரே வாக்கியம்தான்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அரியாங்குப்பத்தில் ஒருத்தி, பன்னிரண்டு மணிக்குக் கழிப்பறை போனதால் தன் பிள்ளை செத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.