பாக் சுபாக்யோவுக்கு விட்டுக்கொடுத்த ஆட்டம்

அழைப்பிதழில் தன் பெயரைப் பார்த்ததும் நிங்குக்கு வந்தது சந்தோஷமல்ல, ஆத்திரம். "கரங்ஜத்தியின் பெருமை, முன்னாள் சர்வதேச இறகுப்பந்து வீராங்கனை மூர்த்தினிங்சி. டென்மார்க் போட்டியில் அரையிறுதிவரை முன்னேறியவர்" என்று பொன்னிறத்தில் அச்சடித்திருந்தார்கள். அரையிறுதிவரை. அந்த ஒரு வார்த்தையை முப்பத்தாறு வருடமாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள், இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை. அதற்குக் கீழே சிறப்பு விருந்தினர் பெயர்: தேசிய அணியின் முன்னாள் மேலாளர் பாக் சுபாக்யோ. அதற்கும் கீழே, "அவரை வாழ்த்தி இபு நிங் பேசுவார்." பெயருக்கு முன்னால் 'இபு' என்று அம்மா மரியாதை போட்டவர்கள் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நிங் எப்போதும் சரி என்றுதானே சொல்லுவாள்.

"நான் போகப்போறதில்ல" என்றாள் கணவனிடம்.

தர்சோனோ மட்டை ஒன்றுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தான். ஒருகாலத்தில் மத்திய ஜாவா மாகாணத்துக்காக ஆடியவன். இருவரும் சேர்ந்து நடத்தும் இந்தக் கடை, ஊர் விளையாட்டு அரங்கின் படிக்கட்டுக்கு அடியில், கதவைத் திறந்தால் முழங்கால் இடிக்கும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தை வருடாவருடம் வாடகைக்கு எழுதிக்கொடுப்பவர் வட்டத் தலைவர். புதுப்பித்த அரங்கைத் திறந்துவைக்கப்போகிறவரும் அவரே.

"போகாம இருந்துட்டு அடுத்த மாசம் இந்த நரம்பு மெஷினை எங்க கொண்டுபோய் வைக்கிறது? உங்க அப்பா காவல் காத்த ரயில்வே கேட்டுலயா?"

"வெச்சா என்ன? ரயில் வர்றவரைக்கும் கேட்ல நிக்கிற நாலு பேருக்கு நரம்பு கட்டலாம், மாஸ்." கணவனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்த ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில்தான் நிங் ஆடக் கற்றாள். மூங்கிலுக்கு மூங்கில் கயிறு கட்டினால் அதுதான் வலை. பதினாறு வயதில் ஜகார்த்தாவில் தேசிய முகாமுக்கு எடுத்துக்கொண்டார்கள். விடிவதற்கு முன் ஓட்டம், பிறகு கயிறு தாண்டல், பிறகு கை மரத்துப்போகும்வரை ஒரே அடியை நூறு தடவை. முகாமில் பெரியவர்கள் எது சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "சரி, பாக்", அதாவது சரி, ஐயா. சோற்றோடு சேர்த்து அதையும் ஊட்டியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் விராந்தி. நல்ல தோழி, நல்ல ஆட்டக்காரி. ஆனாலும் கடைசியாக ஆடிய ஏழு ஆட்டங்களில் ஆறில் நிங்தான் ஜெயித்திருந்தாள்.

பிறகு டென்மார்க். அரையிறுதியில் நிங்கும் விராந்தியும் மோத வேண்டியதாயிற்று. அன்று மதியம் பாக் சுபாக்யோ அவள் அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு இறுதியில சீனாக்காரி. களைச்சுப்போய் அவகிட்ட போனா ஒருத்தரும் ஜெயிக்க முடியாது. விராந்தியை நீ இன்னிக்கு ரொம்ப ஓட விடாத. புரியுதில்ல? அடுத்த வருஷம் உன் முறை."

"சரி, பாக்" என்றாள் நிங். வயது இருபத்தொன்று.

இருபத்தைந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. பந்து பந்தாக வலையில் அடித்தாள். வேண்டுமென்று தோற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும், பிடித்து இழுக்க வேண்டும். மறுநாள் விராந்தி பட்டம் வென்றாள். ஜகார்த்தா ஊர்வலத்தில் விராந்தி முதல் ஜீப்பில் நின்றாள், நிங் மூன்றாவதில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைகள் நிங்குக்கு "தெம்பே மனசுக்காரி" என்று பட்டம் கட்டின. தெம்பே சோயாவில் செய்வது, விரலால் அழுத்தினால் அமுங்கிவிடும். ஊரில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சந்தையில் தெம்பே விற்கிறவள்கூட, "உனக்கு எதுக்கு, வீட்டுலயே இருக்கே" என்று கிண்டல் செய்வாள். அடுத்த வருடம் அவள் முறை வரவில்லை. புதுப் பெண்கள் வந்துவிட்டார்கள், நிங்கின் முழங்கால் சரியில்லை என்று பாக் சுபாக்யோவே அறிக்கை விட்டார். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. இருபத்துநான்கு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். நடந்ததைத் தர்சோனோவிடம் மட்டும் சொன்னாள். அவன், "பெரிய மனுஷங்க சமாச்சாரம், விட்டுடு" என்றான். விட்டுவிட்டதாக அவனுக்குக் காட்டிக்கொண்டாள்.

கடைக்காக, கடைசியில், திறப்பு விழாவுக்குப் போனாள்.

நாற்காலிக்கு நாற்காலி பலகார அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். நாடாவை வெட்டியதும் நட்பு ஆட்டம் என்று அறிவிப்பாளர் கூப்பிட்டார். ஒருபக்கம் பாக் சுபாக்யோவும் வட்டத் தலைவரும், மறுபக்கம் நிங்கும் தர்சோனோவும். முதலில் பதினோரு புள்ளி எடுப்பவர் ஜெயித்தவர்.

பெரியவர்களோடு ஆடும் ஆட்டத்துக்கு அந்த நாட்டில் தனி வித்தை இருக்கிறது. பந்தை உயரமாக, மெதுவாக, அவர் தொப்பைக்கு நேராக இறக்க வேண்டும். அவர் அடித்ததும் ஓடிப்போய்த் தவறவிட வேண்டும், ஆனால் ஓடியது தெரிய வேண்டும். கடைசியில் அவர் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அதிகமாகத் தோற்றால் நடிப்பு என்று தெரிந்துவிடும். இதில் தர்சோனோ கைதேர்ந்தவன். மூன்று அதிகாரிகளை மாகாண வீரர்கள் என்று அவர்களே நம்பும்படி செய்திருக்கிறான். ஆரம்பித்ததுமே இரண்டு புள்ளியைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். அரங்கம் கைதட்டியது. எழுபத்தாறு வயது பாக் சுபாக்யோ பட்டுத் துணி மாதிரி வழவழவென்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நிங் மட்டையின் பிடியை மாற்றினாள். அடுத்த பந்தை வலையை ஒட்டி, அவருக்கு எட்டாத இடத்தில் இறக்கினாள். அதற்கடுத்ததை அவர் திரும்புவதற்குள் பின்கோட்டில் வைத்தாள். தர்சோனோ கைக்கு எந்தப் பந்தும் போகவிடவில்லை. ஏழுக்கு இரண்டு. கைதட்டல் நின்றுபோய், அட்டைப்பெட்டி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பாக் சுபாக்யோ மூச்சு வாங்கிக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் வந்தார். "என்ன நிங், கிழவனை இப்படி ஓட விடுற?"

"அன்னிக்கு ஓட விடாதன்னு சொன்னீங்க பாக், விடல. அதை அந்த மைக்குல ஒருதடவை சொல்லிடுங்க. மட்டையை இங்கயே கீழ வெச்சுடறேன்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். சிரிப்பு மாறவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "சொல்றதுன்னா முழுசா சொல்லணும். முதல்ல நான் விராந்திகிட்டதான் போனேன். உன்கிட்ட தோத்துப் போகச் சொன்னேன், ஏன்னா அப்ப நீதான் நல்லா ஆடிட்டிருந்த. முடியாதுன்னுட்டா. ஊருக்கு அனுப்பினாலும் சரி, முடியாதுன்னா. அப்புறம்தான் உன் ரூமுக்கு வந்தேன். நீ, நான் ஆரஞ்சு உரிச்சு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்ட."

முடியாது என்று சொல்ல அந்த முகாமில் யாராலும் முடியாது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் நிங் அவரைச் சபித்திருக்கிறாள். அடுத்த அறையில் இருந்தவளால் முடிந்திருக்கிறது. அவளை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதில் பாதி இப்போது தன் பக்கம் திரும்பிக் கடித்தது.

தர்சோனோ பக்கத்தில் வந்து காதோடு சொன்னான். "நிங், போதும். நாலு பந்து விட்டுக்கொடு. நம்ம கடை."

"முடியாது மாஸ்."

பதினொன்றுக்கு இரண்டில் ஆட்டம் முடிந்தது. அறிவிப்பாளர் அவசர அவசரமாக மைக்கைப் பிடித்தார். "நட்பு ஆட்டம்ங்க, இதுல ஜெயிச்சவங்க தோத்தவங்கன்னு யாரும் கிடையாது. இப்ப நம்ம இபு நிங் பாக் சுபாக்யோவை வாழ்த்தி ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

நிங் மைக்கை வாங்கினாள்.

"பதினொண்ணுக்கு ரெண்டு. ஜெயிச்சது நாங்க. அதை எழுதிக்கோங்க. அப்புறம் டென்மார்க்கு. அங்க நான் பயந்து தோத்தேன்னு இந்த ஊரே சொல்லுது. நான் பயந்து தோக்கல, வேணும்னே தோத்தேன். தோக்கச் சொன்னது இதோ உக்காந்திருக்கிற பாக் சுபாக்யோ. ஆனா சொன்னா செஞ்சுதான் ஆகணும்னு யாரும் என் கழுத்துல கத்தி வைக்கல. விராந்தியையும் கேட்டிருக்கார், அவ முடியாதுன்னுட்டா. நான் சரின்னேன். கேட்ட பாவம் அவருக்கு, கொடுத்த பாவம் எனக்கு. இவ்வளவுதான் என் வாழ்த்து."

யாரும் கைதட்டவில்லை. வட்டத் தலைவர் காலணியின் நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினார். பாக் சுபாக்யோ தண்ணீர் கேட்டார். நிங் மைக்கை அறிவிப்பாளர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், தர்சோனோ வாசலை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தான். தன்மேல் கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்து அவள் பின்னாலேயே ஓடினாள்.

"எங்க போறீங்க?"

அவன் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து, நரம்பு கட்டும் மெஷினை மேசையோடு பிடித்திருந்த திருகாணியில் திருப்புளியை வைத்தான்.

"இதைக் கழட்டத்தான். அவங்க வந்து காலி பண்ணச் சொல்லி, நான் சரி பாக்னு சொல்றவரைக்கும் உக்காந்திருக்கணுமா? அந்தப் பக்கம் பிடி, கனமா இருக்கு."