பின்கதவு இல்லாத அழகு

என்னை மாதிரி ஒரு மடையன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. சந்தேகம் இருந்தால் மேலே படியுங்கள்.

ஏழாயிரம்பண்ணை பக்கம் விக்டோரியா ராணி காலத்து வீட்டு வரிசை ஒன்று இருக்கிறது. பருத்தி வாங்க வந்த வெள்ளைக்காரன் தன் குமாஸ்தாக்களுக்காகக் கட்டியது. எட்டு வீடு, ஒரே நீளக் கூரை, வாசலுக்கு வாசல் செங்கல் வளைவு. மேலே புகைபோக்கி வேறு... நம் ஊர் வெயிலில் எவன் குளிர்காய்ந்தானோ!

போன மாதம் இதே பத்தியில் உருகி உருகி எழுதினேன். ‘ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள்!’

உத்தரவு போட நான் யார்? அங்கே குடியிருக்கிறேனா? வாசலில் நின்று போட்டோ எடுத்தவன்.

போன வாரம் வரிசையின் நடுவில் ஒரு வீட்டில் ஸ்டவ் பற்றிக்கொண்டது. புகைபோக்கி முன்னறையில் என்பதால் அடுப்பும் அங்கேதான், கதவை ஒட்டி. அங்கே குடியிருக்கும் செல்வியும் அவளுடைய நிறைமாதக் கர்ப்பிணி மகளும் பின்னறையில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே கதவு கிடையாது. ஜன்னலில் பூவேலை செய்த இரும்புக் கம்பி — அதையும் புகழ்ந்திருந்தேன்! அக்கம்பக்கத்தார் ஈரச் சாக்கோடு பாய்ந்ததால் இரண்டு பேரும்... இல்லை, மூன்று பேரும் பிழைத்தார்கள்.

விசாரிக்கப் போனேன். செல்வியின் கையில் கட்டு.

“வாங்க சார். படம் பிடிக்க வந்தீகளா? செவுரு நல்லாக் கருத்திருக்கு, எடுத்துக்கிடுங்க.”

“பின்னாடி ஒரு கதவு வச்சிருக்கலாமேம்மா...”

“கொத்தனாருக்கு நாள் சொல்லியாச்சு. நீங்க எழுதுனீக. மொதலாளி வேணாம்னுட்டாரு.”

வந்த கோபத்தில் முதல் பங்கு எனக்கே. மீதியைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் ஓடினேன். பட்டாசு கம்பெனி முதலாளி. செல்விக்கு வேலையும் அவரிடம்தான். ஆபீஸ் சுவரில் என் பத்தி, கண்ணாடிச் சட்டத்துக்குள்! ஊதுபத்தி ஒன்றுதான் குறை.

“அண்ணாச்சி, நான் எழுதுனது தப்பு. நாளைக்கே செவுத்தை இடிச்சுக் கதவு வைங்க.”

“அதெப்படி? எம்புட்டு அழகா எழுதியிருக்கீக! காப்பி சாப்பிடுறீகளா?”

ஜன்னல் வழியே அவருடைய ஷெட்டுகள் தெரிந்தன. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் தெரியும்: வெடிமருந்து ரூமுக்கு எதிரெதிரே கதவு வேண்டும், அதுவும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பகலெல்லாம் தப்பிக்க வழியுள்ள ரூமில் வெடி சுற்றுகிறவள், சாயங்காலம் வழியில்லாத வீட்டில் போய் அடுப்புப் பற்றவைக்கிறாள். இதைக் கலை என்று எந்த மடையன் சொன்னான்? நான்தான்!

“பட்டாசுக்கு ரெண்டு கதவு, புள்ளத்தாச்சிக்கு ஒண்ணா?” கத்தியேவிட்டேன்.

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“அங்கன செக் பண்ண ஆபீசர் வருவாருல்ல.”