முதல் வரியில் இருந்த பிள்ளையார்

அக்டோபரில் தில்லி துவாரகாவில் ஏழிலைப்பாலை பூத்துவிட்டால், ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை உள்ளே வந்துவிடும். நேற்று சாயந்திரம் பால்கனியில் துணி எடுக்கும்போது வந்தது... கூடவே எங்கள் பழைய பெரிய மானிட்டரின் வெதுவெதுப்பும் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பதினேழு, பதினெட்டு வருஷம் இருக்கும்.

அப்போது எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் முப்பது தமிழ்க் குடும்பங்கள். நவராத்திரியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாயந்திரம் வெற்றிலை பாக்கு. யாருக்கு எந்த நாள் என்று மூன்றாவது மாடி லீலா மாமி ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். ஒரே நாளில் ஐந்தாறு வீடு சேர்ந்துகொண்டால் ஏதோ ஒரு வீட்டில் சுண்டல் அப்படியே மீந்து, அந்த வீட்டு மாமியின் முகமும் வாடிப்போகும்.

அந்த வருஷம் நான்தான் வாயைக் கொடுத்தேன். வெப்சைட்டாகச் செய்துவிடுகிறேன், அவரவர் லாகின் பண்ணி அவரவர் நாளைப் போட்டுக்கொள்ளலாம் என்று.

மாமி நோட்டைக் கீழே வைக்கவில்லை. "நீ எங்கடி படிச்சே இதெல்லாம்?"

எங்கே படித்தேன்! தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய, வெப்சைட் எழுதச் சொல்லித்தரும், அட்டை கிழிந்த பி.எச்.பி. புத்தகம் ஒன்று. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை, வீடு தூங்குகிற நேரம்... அவ்வளவுதான் என் காலேஜ்.

ஒரு பக்கம் என்று நாம் பார்ப்பது உண்மையில் பல ஃபைல்கள் சேர்ந்தது என்று தெரிந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். தலைப்பு ஒரு ஃபைல், மெனு ஒன்று, பெயர்ப் பட்டியல் ஒன்று, லாகினுக்கு ஒரு ஸ்கிரிப்ட். கூப்பிட்டால் வந்து, சேர்ந்து நின்று, ஒரே பக்கமாகிவிடும். கொலு மாதிரிதான்.

அதனால் ஃபோல்டர்களையும் படி மாதிரியே கட்டினேன். எல்லோருக்கும் பொதுவான ஃபைல்கள் மேல் படி. படங்களெல்லாம் கடைசிப் படி. எண்ணிப் பார்த்தால் ஆறு. படி இரட்டைப்படையில் இருக்கக் கூடாதே என்று ஏழாவதாக ஒரு காலி ஃபோல்டர் போட்டுவிட்டுத்தான் எனக்கு நிம்மதி.

எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில், எது எதைக் கூப்பிடும், எந்தத் தேதியில் திருத்தினேன்... எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதி வைப்பேன். பால் கணக்கு எழுதுகிற கைதானே!

அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் பிள்ளையார் சுழி. அதே பழக்கத்தில் இருபத்திரண்டு ஃபைலிலும் முதல் வரியில் 'உ' போட்டுவிட்டுத்தான் கோட் எழுத ஆரம்பித்தேன்.

பக்கம் திறந்தால் ஓரத்தில் ஒரு உ, மெனுவுக்கு மேலே ஒரு உ, பட்டியலுக்கு மேலே ஒன்று... அங்கங்கே குட்டிக் குட்டியாகப் பிள்ளையார். மாமி பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

நவராத்திரிக்கு மூன்று நாள் முன்னால் சர்வரில் ஏற்றினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது, அங்கே போனதும் ஒருத்தராலும் லாகின் செய்ய முடியவில்லை. 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று ஒரு எச்சரிக்கை மட்டும். முதல் வரியைப் பார் என்றது.

மாமியிடமிருந்து போன். "நாளைக்குக் காலம்பற வரைக்கும் பார்க்கறேன். இல்லேன்னா நோட்டை எடுத்துடுவேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னார்.

இணையத்தில் ஒரு ஃபோரத்தில் கேட்டேன். கோட் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது, அது முந்திக்கொண்டு வெளியே போய்விடுகிறது, அதற்கப்புறம் லாகின் வேலை செய்யாது, அழித்துவிடுங்கள் என்று முகம் தெரியாத யாரோ பதில் போட்டிருந்தார்.

அழிப்பதா? நவராத்திரிக்கு முன்னால், பிள்ளையாரையா?

அவர், என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எடுத்துடேன், பிள்ளையார் கோச்சுக்க மாட்டார்" என்றார். விரல் பேக்ஸ்பேஸ் மேலேயே இருந்தது. அழுத்த மனசு வரவில்லை. வெளியே இதே வாசனை...

அப்போதுதான் கிழிந்த புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. கோட் ஆரம்பித்த பிறகு, அதற்கு உள்ளே இரண்டு சாய்ந்த கோடு போட்டு எழுதினால், கம்ப்யூட்டர் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போய்விடும். நமக்கான குறிப்பு அது.

பிள்ளையாரை வாசலுக்கு வெளியிலிருந்து ஒரு வரி உள்ளே அழைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஃபைலாக, நோட்டில் டிக் அடித்துக்கொண்டே. இருபத்திரண்டு டிக் முடிந்து சர்வரில் ஏற்றியபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது.

லாகின் ஆனது.

மறுநாள் காலையில் மாமி வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் நாளைத் தானே போட்டார். பிறகு ஸ்கிரீனை மேலும் கீழும் தேடினார்.

"பிள்ளையார் எங்கேடி?"

"உள்ளே இருக்கார் மாமி." ஃபைலைத் திறந்து காட்டினேன்.

மாமி குனிந்து பார்த்தார். "கர்ப்பக்ருஹத்துல இருந்தாப் போறும்" என்று சொல்லிவிட்டு, அந்த நீள நோட்டை என் கம்ப்யூட்டர் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப்தான். 'இன்று எங்கள் இல்லத்தில்' என்று ஒரு படம் வருகிறது, நாற்பது கைகூப்பல் வருகிறது, மறுநாள் எங்கோ மேலே போய்விடுகிறது. எது எங்கே இருக்கிறது என்று யாரும் தேடுவதும் இல்லை.

மாமி பெங்களூரு போய்விட்டார். வெப்சைட்டும் போய்விட்டது. அதன் ஃபைல்கள் மட்டும் ஒரு பென் டிரைவில் கிடந்தன.

மகள் இப்போது குருகிராமில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். தமிழ்ப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நேற்று துணியோடு உள்ளே வந்தபோது லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "எல்லாம் ஏஐயே எழுதி, அதுவே ஃபோல்டர் ஃபோல்டரா அடுக்கிடும்மா. நான் செக் பண்ணினாப் போறும்."

சும்மா மேலே தள்ளிப் பார்த்தேன். முதல் வரியில் இரண்டு சாய்ந்த கோடு. பக்கத்தில் ஒரு உ.

"இதுவும் அதுவே போட்டதா?"

"இல்லம்மா, இது நான். இதுல தமிழ் கீபோர்டு கிடையாதே... உன் பழைய பென் டிரைவ்லேர்ந்து காப்பி பண்ணி வெச்சுண்டேன்."

ஸ்கிரீன் ஓரத்தில் இருந்த ஃபோல்டர்களை எண்ணினேன். அந்த ஏழாவது காலி ஃபோல்டரையும் சேர்த்துத்தான் காப்பி செய்திருக்கிறாள்.